கூற்றும் களனும் அற்ற வாசிப்பு: மாதொருபாகன் தீர்ப்பும் சமூக ஊடகத் தானியங்கித் தணிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று வழங்கிய தீர்ப்பு, ஒரு பனுவலை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது குறித்த தீர்ப்பாகவும் அமைந்தது. அத்தீர்ப்பு வலியுறுத்திய வாசிப்பு நெறி, சமூக ஊடகப் பதிவுகளை நீக்கும் தானியங்கிக் கருவிகளிலும் அவற்றை வரையறுக்கும் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளிலும் இடம்பெறவில்லை என்பது இக்கட்டுரையின் வாதமாகும். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளாகக் கூறும் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு, கொங்கு வட்டார வழக்கை முன்வைத்து இவ்வாதம் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கருத்துரிமை, தானியங்கித் தணிக்கை, மாதொருபாகன், கொங்குத் தமிழ், கூற்று, தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021

முன்னுரை

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் தலைமையில் ஓர் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. 2010இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட மாதொருபாகன் நாவலுக்காக நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருவதாகவும், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவதாகவும், விற்பனையாகாத படிகளைத் திரும்பப் பெறுவதாகவும் அங்கு நாவலாசிரியர் எழுதிக் கையொப்பமிட நேர்ந்தது. அதனையடுத்து, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்னும் அறிவிப்பை அவர் தம் முகநூல் பக்கத்தில் வெளியிட்டார். தெருவும் அலுவலகமும் மூடிய வாயை முகநூல் அன்று ஒரு முறை திறந்துவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் இன்று, அந்த வெளியில் எது நிற்கும், எது நீங்கும் என்பதை முதற்கட்டமாக முடிவு செய்வது பெரும்பாலும் இயந்திரமே. அதன் வாசிப்பு எத்தகையது என்பதைத் திறனாய்வு நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் ஒன்றைப் பற்றி இங்கேயே கூறிவிடுவது நலம். நிறுவனங்கள் இச்செயலை ‘உள்ளடக்க நெறிப்படுத்தல்’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றன. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த இடக்கரடக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான இக்கால எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. தணிக்கை என்பது அரசின் செயல் என்றும், தனியார் நிறுவனத்தின் செயலுக்கு அச்சொல் பொருந்தாது என்றும் வாதிடலாம். ஆயினும் அரசின் விதியே நிறுவனத்தைக் கருவி பொருத்துமாறு கூறும் நிலையில் அவ்வேறுபாடு மெலிந்துவிடுகிறது. எனவே இக்கட்டுரையில் தணிக்கை என்ற சொல்லே ஆளப்படுகிறது.

நறுக்கிய பக்கங்கள்

மாதொருபாகன் எதிர்ப்பின் வரலாறு பலரால் எழுதப்பட்டுவிட்டது. 2014 டிசம்பர் 26 அன்று திருச்செங்கோட்டில் நூல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9 அன்று கடையடைப்பு நடைபெற்றது. இவ்விரு நிகழ்வுகளையும்விட நம் ஆய்வுக்கு முதன்மையானது ஒளிநகல். நாவலின் குறிப்பிட்ட சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் வழங்கப்பட்டன. காளி, பொன்னா என்னும் இணையரின் பிள்ளையில்லாத் துயரம், அதனைச் சுற்றி உறவும் ஊரும் நிகழ்த்தும் அன்றாட அவமதிப்பு, அவ்விருவருக்கிடையே உள்ள காதல் ஆகியவை அந்த நகலில் இல்லை. அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் பற்றிய பகுதி மட்டும் கதைமாந்தரிடமிருந்து கழன்று, ஊரைப் பற்றிய ஆசிரியரின் நேர்க்கூற்றாக மாறி நின்றது. பலரிடம் நாவல் சென்று சேரவில்லை. நகலே சென்று சேர்ந்தது.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தைச் சேர்ந்த ச. தமிழ்ச்செல்வன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. நாமக்கல்லில் கையொப்பமிடப்பட்ட உடன்பாட்டுக்கு எவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை என்று அது கூறியது. நாவலை முழுமையாக வாசித்து, அதன் மையம் குழந்தைப்பேறின்மையின் துயரம் என்று கண்டு, சர்ச்சைக்குரியதாகக் காட்டப்பட்ட பகுதியை அம்மையத்தோடு பொருத்திப் பார்த்தது. பிடிக்காத நூலை மூடிவைக்கும் உரிமை வாசகருக்கு எப்போதும் உண்டு என்பதையும் நினைவூட்டியது. இத்தீர்ப்பைக் கருத்துரிமையின் வெற்றியாகக் கொண்டாடியோர் பலர். இலக்கிய மாணவருக்கு அதில் மற்றொன்றும் உண்டு: நகலுக்கு எதிராக நூலை வைத்து வாசித்த நீதிமன்றம், பகுதியின் பொருளை முழுமையே தீர்மானிக்கிறது என்ற திறனாய்வு அடிப்படையைச் சட்ட நெறியாக ஏற்றுக்கொண்டது.

பேச்சுவார்த்தை மேசையின் நோக்கம் வேறு. வருவாய் அலுவலருக்கு நாவலின் பொருள் பற்றிய கேள்வி எழவே இல்லை. ஊர் அமைதியாக வேண்டும் என்பதே அவருடைய பணி. அமைதிக்கு எளிய வழி பேசியவரைப் பின்வாங்கச் செய்வது. இந்த நிருவாகத் தருக்கத்தை மனத்தில் கொண்டு இணைய விதிகளுக்கு வருவோம்.

விதியின் மொழி

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பயனர் எழுதியவற்றுக்கான பொறுப்பிலிருந்து இடைநிலை நிறுவனங்களுக்கு நிபந்தனையுடன் பாதுகாப்பு அளிக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியதுடன், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கிடைத்த பின்னரே நிறுவனம் நீக்கக் கடமைப்பட்டது என்று 79ஆம் பிரிவுக்குப் பொருள் வரையறுத்தது. தனிமனிதர் முறையிட்டவுடன் நிறுவனமே நீதிபதியாகி நீக்கும் நிலையைத் தவிர்ப்பது அதன் கருத்து. மாதொருபாகன் உடன்பாடு கையொப்பமாகிப் பத்து வாரங்களே ஆகியிருந்த நேரத்தில் வந்த தீர்ப்பு இது.

2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள் இந்தச் சமநிலையை மாற்றின. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட நிறுவனங்கள், பாலியல் வன்கொடுமை, சிறார் பாலியல் வன்முறை ஆகியவற்றைக் காட்டும் பதிவுகளையும், முன்பு ஆணையின்படி நீக்கப்பட்டவற்றுக்கு முற்றிலும் ஒத்த பதிவுகளையும் தாமாகவே கண்டறியத் தானியங்கிக் கருவிகளைப் பயன்படுத்த முயல வேண்டும் என்று 4(4) விதி கூறுகிறது. முதல் வகை பற்றிக் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இரண்டாம் வகை நம்மைத் திருச்செங்கோட்டு ஒளிநகலுக்கே அழைத்துச் செல்கிறது. ஒரு நாவலின் பக்கம் ஒருமுறை ஆணையால் முடக்கப்பட்டதாகக் கொள்வோம். அதே பக்கத்தைக் கண்டனத்துடன் வெளியிடுபவரும், வகுப்புக்காக வெளியிடுபவரும், ‘இதில் என்ன தவறு’ என்று கேட்டு வெளியிடுபவரும் ஒத்த உருவத்தையே வெளியிடுகின்றனர். ஒத்த உருவத்துக்கு ஒத்த பொருள் என்று கொள்வது கருவியின் இயல்பு. ஒரே செய்யுளடி மேற்கோளாகும்போது வேறு பொருள் தருவதை உரையாசிரியர்களிடம் கற்ற நமக்கு இது விளக்க வேண்டிய ஒன்றன்று.

விதி இக்குறையை அறியாமல் இல்லை. கருவிகள் கருத்துரிமைக்கும் அந்தரங்கத்துக்கும் ஏற்ற அளவில் அமைய வேண்டும். மனித மேற்பார்வை வேண்டும். துல்லியம், நியாயம், சார்பு ஆகியன காலமுறையில் ஆராயப்பட வேண்டும் என்று அதே விதி நிபந்தனை இடுகிறது. நிறுவனம் தானாக நீக்கும்போது காரணத்தைத் தெரிவித்து, மறுப்பதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று 4(8) விதி கூறுகிறது. படிக்க நன்றாகவே உள்ளன. ஆனால் எந்த மொழியில் துல்லியம், எந்த மொழி அறிந்தவரின் மேற்பார்வை என்ற வினாவுக்கு அவற்றில் விடையில்லை. 2022 திருத்தத்தின்படி, நிறுவனங்கள் தம் பயன்பாட்டு விதிகளை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளிலோ பயனர் விரும்பும் மொழியில் வெளியிட வேண்டும். அதாவது, நீக்குவதற்கான விதியைத் தமிழில் படிக்கும் உரிமை தமிழருக்கு உண்டு. தம் பதிவு தமிழ் அறிந்த ஒருவரால் படிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை.

இது வெறும் ஐயமன்று. முகநூலின் உள் ஆவணங்கள் 2021 அக்டோபரில் வெளியானபோது, இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளுள் ஐந்துக்கே தன் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளைப் பயிற்றியிருப்பதாக அந்நிறுவனம் தெரிவித்ததை நியூயார்க் டைம்ஸ் பதிவு செய்தது. தமிழ் அவ்வைந்தனுள் உண்டா என்பதைவிட, எந்தத் தமிழ் என்பதே இங்கு எழுப்ப வேண்டிய வினா.

கூற்று, கேட்போர், களன்

இயந்திரம் தமிழைக் கற்பது தரவுத் தொகுப்புகளிலிருந்து. நிறுவனங்களின் தொகுப்புகள் பொதுவெளியில் இல்லை. பொதுவெளியில் உள்ளவை ஆய்வாளர் உருவாக்கியவை. அவற்றுள் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் யூடியூப் கருத்துரைகளிலிருந்து தொகுத்த தமிழ்–ஆங்கிலக் கலப்புத் தொகுப்புகள் குறிப்பிடத்தக்கவை. 2020இல் வெளியான உணர்வுப் பகுப்பாய்வுத் தொகுப்பில் 15,744 கருத்துரைகள் உள்ளன. 2021இல் திராவிட மொழிகளுக்கான பயிலரங்கில் பயன்பட்ட இழிமொழித் தொகுப்பில் தமிழுக்கு ஏறத்தாழ 44,000 கருத்துரைகள் இடம்பெற்றன. பெருநிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய பணியைக் குறைந்த வளத்தில் செய்த இம்முயற்சிகள் பாராட்டுக்குரியவை. பின்வரும் விமர்சனம் அவற்றின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாகக் கொள்ளலாகாது.

இழிமொழித் தொகுப்பில் ஒவ்வொரு கருத்துரைக்கும் ஆறு அடையாளங்களுள் ஒன்று இடப்பட்டுள்ளது: இழிமொழி அன்று, இலக்கற்ற இழிமொழி, தனிமனிதரை இலக்காகக் கொண்டது, குழுவை இலக்காகக் கொண்டது, பிறவற்றை இலக்காகக் கொண்டது, தமிழ் அன்று. யாரை நோக்கியது என்ற வினா இதில் உண்டு. யார் சொல்கிறார் என்ற வினா இல்லை. எவ்விடத்தில், எதற்கு விடையாக, யாருடைய சொல்லை எடுத்தாண்டு என்ற வினாக்களும் இல்லை.

அகப்பாடல்களைப் பயின்ற எவருக்கும் இந்த இடைவெளி உடனே புலப்படும். தொகை நூல்களின் அகப்பாடல்கள் ‘தலைவி தோழிக்கு உரைத்தது’ என்பது போன்ற கூற்றுக் குறிப்புகளோடு நமக்கு வந்துள்ளன. அக்குறிப்புகள் பாடலாசிரியர் எழுதியவை அல்ல. வாசித்தோரும் தொகுத்தோரும் இட்டவை. இன்றைய சொல்லில் கூறினால் அவை அடையாளமிடல். ஒரே கடுஞ்சொல் பரத்தை கூற்றாக வரும்போதும் தோழி கூற்றாக வரும்போதும் வெவ்வேறு பொருள் தரும் என்பதை அறிந்தே அவ்வடையாளங்கள் இடப்பட்டன. செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் களனையும் காலத்தையும் தனித்தனி உறுப்புகளாக வைத்ததோடு நில்லாமல், இன்னார் இன்னார்க்கு இவ்விடத்துக் கூறினார் என்று சூழலால் உய்த்துணர்வதை முன்னம் என்று பெயரிட்டும் கூறியது. தொல்காப்பியத்தில் கணினி இருந்தது என்று நிறுவும் ஆர்வம் எனக்கு இல்லை; அவ்வகைக் கட்டுரைகள் வேண்டிய அளவுக்கு மேல் உள்ளன. அடையாளமிடும் பணிக்கு எவ்வெவ் வினாக்கள் தேவை என்பதில் தமிழ்ப் பொருளிலக்கண மரபுக்கு நீண்ட பயிற்சி உண்டு என்பதே இங்குச் சொல்ல விழைவது.

கூற்று இல்லாத வாசிப்பு எங்குத் தவறும் என்பதைச் சாதியெழுத்தில் தெளிவாகக் காணலாம். பெருமாள்முருகன் பதிப்பித்த ‘சாதியும் நானும்’ (2013) போன்ற அனுபவப் பதிவுகளை நினைத்துக்கொள்வோம். தன்னை இழிவுபடுத்தியவரின் சொல்லை அப்படியே எழுதாமல் ஒருவர் தன் அனுபவத்தை எழுத முடிவதில்லை. அங்கு இழிசொல் சான்று. அச்சொல்லை மறைத்தால் குற்றம் மறையும். எழுதினால் எழுதியவரே குற்றவாளியாகக் கருவியின் கண்ணில் படுவார். ஈழத் தமிழரின் நினைவேந்தல்களும் இத்தகையவையே. விடுதலைப் புலிகள் இயக்கம் முகநூலின் ஆபத்தான அமைப்புகள் பட்டியலில் உள்ளது. நவம்பர் 27ஐ ஒட்டி வெளியாகும் படங்கள் நீக்கப்படுவது பற்றிப் பயனர்கள் பல முறை முறையிட்டுள்ளனர். இறந்த மகனின் படத்தை வெளியிடும் தாயும் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பவரும் உருவ ஒப்பீட்டுக்கு ஒருவரே.

பயனர்கள் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். சொல்லின் நடுவே புள்ளி இடுகின்றனர். எழுத்தைக் குறியீட்டால் மாற்றுகின்றனர். பெயரைப் பிரித்து எழுதுகின்றனர். இது குழூஉக்குறி. பொற்கொல்லரும் யானைப்பாகரும் தொழில் மறைவுக்காக ஆண்டதாக உரைகள் காட்டும் வழக்கு, இன்று வரலாறு எழுதுவோருக்கும் துக்கம் எழுதுவோருக்கும் தேவைப்படுகிறது. நாளை இப்பதிவுகளைச் சொல்லடைவு கொண்டு தேடும் ஆய்வாளருக்கு அவை அகப்படா என்பது கூடுதல் இழப்பு.

‘ங்க’ விகுதியும் மிரட்டலும்

எதிர்ப்புறத்தையும் பார்க்க வேண்டும். தணிக்கை அறவே வேண்டாம் என்னும் நிலைப்பாட்டைக் கொங்குப் பகுதியிலிருந்து எழுதும் ஒருவர் எளிதில் எடுக்க இயலாது. மாதொருபாகன் எதிர்ப்பு நிகழ்ந்து ஆறு மாதம் கூட நிறைவடையாத 2015 ஜூன் 23 அன்று, அதே திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்னும் தலித் பொறியியல் பட்டதாரி கடத்தப்பட்டார். மறுநாள் அவர் உடல் இருப்புப் பாதையில் கிடந்தது. சாதி அமைப்பு ஒன்றின் தலைவரான முதன்மைக் குற்றவாளி, தலைமறைவாக இருந்த காலத்தில் வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகளை வெளியிட்டார், அவை பரவின, அவருக்கு ஆதரவாளர்களும் பெருகினர். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அளித்த ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சாதிப் பெருமிதம் பேசும் பதிவுகள் அதன் பின்னும் குறைந்தபாடில்லை.

அப்பதிவுகளை இழிமொழிக் கருவி ஏன் பிடிப்பதில்லை? கொங்குத் தமிழின் அடையாளமாகப் பிறர் குறிப்பிடுவது அதன் மரியாதை. ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று ஒவ்வொரு வினையிலும் ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும். இம்மரியாதை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது சாதியாலும் நிலவுடைமையாலும் வரையறுக்கப்பட்டது என்பதை ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) தொடங்கிய கொங்குப் புனைகதை மரபை வாசித்தோர் அறிவர். பொதுவெளியில் அது எல்லோருக்குமானதாகத் தோன்றும். மிரட்டலும் அதே வடிவில் வரும். விளக்கத்துக்காக யான் அமைத்த இரு தொடர்களைப் பார்க்கலாம்.

‘நம்ம ஊருல அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க. ஊரு அமைதியா இருக்கோணுமுங்க. அவ்வளவுதான் சொல்லுவனுங்க.’

‘நாயே, பேயேன்னு திட்டி என்னய வெளிய நிறுத்துனாங்க. அந்த வார்த்தைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.’

முதல் தொடரில் வசைச்சொல் ஒன்றுமில்லை. ‘அமைதி’ என்ற நற்சொல்லும் மரியாதை விகுதியும் உள்ளன. சாதி மறுத்து மணந்த இணையரின் படத்தின் கீழே, பெண்ணின் ஊர்க்காரர் எழுதும் கருத்துரையாக அது வருமானால், அதைப் படிக்கும் கொங்குக்காரர் எவருக்கும் உடல் நடுங்கும். ‘அவ்வளவுதான் சொல்லுவனுங்க’ என்பதன் எச்சம் என்னவென்று அவருக்குத் தெரியும். இரண்டாம் தொடரில் வசையும் சாவும் உள்ளன. அது அவமதிக்கப்பட்டவரின் வாக்குமூலம். சொல்லை மட்டும் எண்ணும் கருவி முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் சந்தேகிக்கும். பெருமாள்முருகனின் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ நூல் தமிழ் வசைச்சொற்களைப் பண்பாட்டுப் பொருளாக வைத்து ஆராய்ந்தது. கெடுதல் வார்த்தையின் உள்ளே மட்டும் இருப்பதில்லை என்ற புரிதலின்றி அத்தகைய நூலை எழுதவும் முடியாது. அதிலிருந்து ஒரு பத்தியை இணையத்தில் பகிர்ந்து பிழைக்கவும் முடியாது.

ஆகவே தானியங்கித் தணிக்கையின் குறை, கூடுதலாக நீக்குவதோ குறைவாக நீக்குவதோ என்று ஒருமுகமாகக் கூறத்தக்கதன்று. ஒரே வாசிப்புக் குறை இரு பக்கமும் வெட்டுகிறது. இரு முறையும் வெட்டுப்படுபவர் பெரும்பாலும் ஒருவரே. கருத்துரிமை ஆதரவாளர்கள் நீக்கத்தை மட்டும் எண்ணுவதும், வெறுப்புப் பேச்சு எதிர்ப்பாளர்கள் நீக்கப்படாததை மட்டும் எண்ணுவதும் இதனை மறைத்துவிடுகின்றன.

வாசிப்பவர் யார்

2016 தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி ஒன்று உண்டு. இத்தகைய பூசல்கள் எழும்போது ஆராய, இலக்கியமும் கலையும் அறிந்தோர் கொண்ட வல்லுநர் குழு ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்று அது கூறியது. கருத்துரிமை ஆர்வலர்கள் அதனை ஐயத்துடன் நோக்கியது சரியே. அரசு நியமிக்கும் வல்லுநர் நாளடைவில் அரசின் தணிக்கையாளராவது இயல்பு. ஆனால் நாமக்கல் மேசையில் இல்லாத ஒன்றை அப்பரிந்துரை கண்டுகொண்டது: பனுவலைப் படிக்கத் தெரிந்தவர். எழுதுவதற்கு முன் அனுமதி தரும் குழுவாக அல்லாமல், நீக்கப்பட்ட பின் முறையிடும் இடத்தில் அத்தகைய வாசகர் இருப்பது பயன் தரும்.

இன்றுள்ள முறையீட்டு அமைப்பில் அதற்கு இடமுண்டா? 2022 திருத்தம் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுக்களை உருவாக்கியது. 2023 ஜனவரியில் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. தலைவரும் இரு உறுப்பினரும் மத்திய அரசால் நியமிக்கப்படுகின்றனர். பொருள் அறிந்தவரின் உதவியைக் குழு நாடலாம் என்று விதி இசைவு தருகிறது. நாட வேண்டும் என்று கூறவில்லை. திருச்செங்கோட்டு வழக்கில் அமைந்த ஒரு தொடரைத் தில்லியில் மொழிபெயர்ப்பில் படிக்கும்போது ‘ங்க’ விகுதி என்னவாகும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். 79(3)(பி) பிரிவின் கீழ் அலுவலர்கள் சஹ்யோக் தளம் வழியாக நேரடியாக நீக்க அறிவிப்பு அனுப்பும் முறையை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. வருவாய் அலுவலரின் மேசை இவ்வாறு இணையத்துக்குள் நகர்ந்துள்ளது. சட்டப் பாதுகாப்பை இழக்க விரும்பாத நிறுவனத்துக்கும் எளிய வழி, பேசியவரைப் பின்வாங்கச் செய்வதே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம் (2022) மொழியைக் கணக்கில் கொண்டது. மிகப்பெரும் தளங்கள், தணிக்கைப் பணியில் உள்ள மனிதர்களின் எண்ணிக்கையையும் மொழித் தகுதியையும், தானியங்கிக் கருவிகளின் துல்லியத்தையும் ஒன்றியத்தின் ஒவ்வோர் அலுவல் மொழிக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 42ஆம் உறுப்பு. முறையீட்டின் மீதான முடிவைத் தானியங்கியாக மட்டும் எடுக்கக் கூடாது என்கிறது 20ஆம் உறுப்பு. ஐந்து லட்சம் பேரளவில் பேசப்படும் மால்டா மொழிக்கும் இக்கணக்கு உண்டு. ஏறத்தாழ ஏழு கோடிப் பேர் தாய்மொழியாகக் கொண்ட தமிழுக்கு இல்லை. இந்திய விதிகளின்படியும் பெரு நிறுவனங்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகின்றன. தானியங்கிக் கருவியால் நீக்கியவற்றின் எண்ணிக்கை அதில் உண்டு. மொழிவாரிப் பகுப்பை விதி கேட்கவில்லை. பயன்பாட்டு விதிகளுக்கு முன்பே சேர்க்கப்பட்டுவிட்ட ‘எட்டாம் அட்டவணை மொழி’ என்னும் தொடரை 4(1)(டி) விதியிலும் 3ஏ விதியிலும் சேர்ப்பதற்கு ஒரு வரித் திருத்தம் போதும்.

வட்டார வழக்கின் நிலைக்கு அத்திருத்தமும் போதாது. அது தமிழ்த்துறைகளின் பணி. கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் ஓர் ஆசிரியரின் தனி உழைப்பில் வெளிவந்தது. கோவை, சேலம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் வட்டார நாவல்களைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் வட்டாரச் சொற்பட்டியல் பின்னிணைப்பாக இடம்பெறும். சொல், பொருள் என்ற இரு கட்டங்களோடு நிற்கும் அப்பட்டியல்களில் பேசுவோர், கேட்போர், களன் என்ற மூன்று கட்டங்களைக் கூட்டினால், அவை இயந்திரத்துக்கும் முறையீட்டுக் குழுவுக்கும் பயன்படும் அடையாளமிட்ட தரவாக மாறும். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதனைச் செய்து பார்த்து வருகிறேன். ‘அம்மணி’ என்ற ஒரு சொல்லுக்கே பேசுவோரையும் கேட்போரையும் மாற்ற மாற்றக் கட்டங்கள் நிரம்பி, தாளின் அகலம் போதாமற் போனது.